எஸ்தர் சிஸ்டரின் விசிலும் நான் அழித்த நாடாவும்

செய்தி வந்தபோது சிங்காநல்லூர்க் கடையில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். சோமனூரிலிருந்து ஆரோக்கியம் பேசினார். எஸ்தர் சிஸ்டரின் தம்பி அவர்.

"அண்ணா, அக்கா காலையில போயிட்டாங்க. கஞ்சி குடிச்சாங்க, கட்டல்ல சாஞ்சாங்க, அவ்வளவுதானுங்க" என்றார். பிறகு அவரே சொன்னார்: "அடக்கத்துக்கு மைக்செட்டு நீங்கதான் கொண்டாரோணும்னு சொல்லிப்போட்டுத்தானுங்க போனாங்க. வேற ஆளு வெச்சா எந்திரிச்சு வந்துருவேன்னாங்க."

சோமனூர் வட்டாரத்தில் இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு முதல் ஊசி போட்டவர் எஸ்தர் சிஸ்டர். பிரசவ அறையில் உங்கள் தாயாரை அதட்டியவரும் அவர்தான். அவருடைய கைராசியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், எழுதட்டும். நான் எழுத வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் பொய் சொல்லவில்லை. இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் அவர் விசிலடித்தது உண்மை. அந்த உண்மையை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மூடி வைத்திருந்தது வேறு யாருமல்ல, நான்தான்.

முதலில் அந்த விசில் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பா சின்னப்பன் சோமனூரில் தறிக்குடோன் ஒன்றில் தறி ஓட்டியவர். குடோனுக்குள் இருபது தறி ஒன்றாக ஓடினால், காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. ஆனால் விசில் கேட்கும். அதனால் அந்தக் குடோனில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு விசில் இருந்தது. நூல் அறுந்தால் ஒன்று, முதலாளி வந்தால் ஒன்று. வீட்டிலிருந்து சோறு வந்தால் அந்தந்த வீட்டுக்கென்று தனியாக ஒன்று. எஸ்தர் எட்டு வயதில் சோற்றுத் தூக்குப்போசியோடு குடோன் வாசலில் நின்று அடித்த சோற்று விசில் மூன்று ஏற்றமும் ஒரு நீண்ட இறக்கமும் கொண்டது. உள்ளே இருபது தறிக்கு நடுவில் சின்னப்பன் மட்டும் தலையைத் தூக்குவார். "பொம்பளப் புள்ள விசிலடிக்குது பாரு" என்று ஊர் பேசியதாம். சிஸ்டர் இதைச் சொல்லும்போது, "சோறு ஆறிப்போயிரும்னு ஊருக்குத் தெரியாதுங்க, எனக்குத்தான் தெரியும்" என்பார்.

மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனார். வடக்கே, பஞ்சாலைகள் நிறைந்த ஓர் ஊர். வார்டில் தூக்கம் வராத நோயாளிகளுக்கு மெல்ல விசிலடித்துக் காட்டுவாராம். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த மார்கரெட் என்ற அயர்லாந்து நர்ஸ், இவரிடம் கேட்காமலேயே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு இவர் பெயரை எழுதிப் போட்டுவிட்டார். சாதாரண மக்கள் மேடையேறித் தங்கள் திறமையைக் காட்டும் நிகழ்ச்சி அது. பாடுகிறவர்கள், ஆடுகிறவர்கள், தட்டுகளைக் குச்சியில் சுழற்றுகிறவர்கள் எல்லாரும் வருவார்கள். அரங்கத்தில் கைதட்டல் எவ்வளவு என்று ஒரு பெரிய முள் காட்டும். ஆனால் வெற்றியைத் தீர்மானிப்பது வீட்டிலிருந்து மக்கள் எழுதிப் போடும் தபால் அட்டைகள். எஸ்தர் போனார், விசிலடித்தார், முள் கடைசிக்குப் போனது. தபாலில் ஒரு நாய் முதலிடம் பெற்றது. "நாய்கிட்டத் தோத்ததுல வருத்தமில்லீங்க. ரொம்ப நல்ல நாயி" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடையில் அவர் அப்பாவின் பெயரைச் சொல்லியிருந்தார். அதை அப்பாவுக்குக் கடிதத்தில் எழுதினார். சின்னப்பன் அந்தக் கடிதத்தைக் குடோனுக்கு எடுத்துப்போய்ப் படிக்கத் தெரிந்தவரை விட்டுப் படிக்கச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். "ஏனப்பா சின்னப்பா, வெள்ளக்காரன் டிவியில உன்ற பேரா? ராணி உன்னையக் கூப்புட்டு டீ கொடுக்கலயா?" என்று கேட்டார்கள். ஊரில் அப்போது தொலைக்காட்சிப் பெட்டியை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டு சின்னப்பன் இறந்துபோனார். பொய்க்காரர் என்ற பெயரோடு போனார். எஸ்தர் ஊர் திரும்பியபோது பெட்டியில் ஒரு நாடா ரீல் இருந்தது. முன்பே படமெடுத்து வைத்திருந்த நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று விடுதியில் டிவிக்கு முன்னால் மைக்கை வைத்து மார்கரெட் பதிந்தது. வீட்டில் அதைப் போட்டுக் கேட்க இயந்திரம் கிடையாது. ஒரு நல்ல நாள் பார்த்து, இயந்திரம் வாடகைக்கு எடுத்து, அப்பாவைப் பார்த்துச் சிரித்தவர்களை எல்லாம் உட்கார வைத்துக் கேட்கச் செய்ய வேண்டும் என்று காத்திருந்தார்.

அந்த நல்ல நாளுக்கு முன்னால் ஆரோக்கியத்தின் கல்யாணம் வந்தது. அதற்கு மைக்செட்டோடு போனவன் நான். ஏழாம் வகுப்போடு பள்ளி முடிந்து, ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்று, எனக்குத் தெரியாதது இந்தத் தொழிலில் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த வயது. கல்யாணத்தை டேப்பில் பதிந்து தருவது அப்போது புதுமை. போதகரின் பிரசங்கம் நீண்டதில் கொண்டுபோன நாடா தீர்ந்துவிட்டது. "ஊட்டுல ஏதாச்சும் ரீலு கெடக்குதுங்களா?" என்று கேட்டேன். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த ஆரோக்கியம், அலமாரியிலிருந்து அக்காவின் ரீலை எடுத்துக் கொடுத்துவிட்டார். நாடாவைப் போட்டேன். ஒரு பக்கத்தில் ஏதோ வெள்ளைக்காரப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். மறுபக்கத்தைத் திருப்பி இரண்டு நொடி கேட்டேன். புரியாத இரைச்சல். கெட்டுப்போன பக்கம் என்று முடிவு செய்தேன். பாட்டு இருந்த பக்கத்தின் மேல் பெரியப்பாமார்களின் வாழ்த்துரைகளை ஒரு மணி நேரம் பதிந்தேன்.

இரண்டு நாள் கழித்து எஸ்தர் சிஸ்டர் கடைக்கு வந்தார். அழவில்லை, கத்தவில்லை.

"அதுல எங்கப்பன் பேரு இருந்துச்சுங்க."

"இல்லீங்க, அதுல யாரோ பாடிட்டிருந்தாங்க. இன்னொரு பக்கம் வெறும் இரைச்சல். உங்க விசிலு அதுல இல்லவே இல்லீங்க."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நான் சொன்னாச் சொன்னதுதானுங்க."

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்ப வாங்க முடியுமானால் வேறு எதையும் கேட்கமாட்டேன். அவர் ரீலைப் பெட்டியில் வைத்து மூடினார். என் மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். பெட்டியின் மேல், என் கண்ணெதிரிலேயே, எழுதினார்: 'ரேடியோக்காரர் கையில் கொடுக்கக் கூடாது.' பேனாவை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் நட்பு எப்படி வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பிடிவாதத்தால் வந்தது. நான் அழித்ததை வேறெங்காவது கண்டுபிடித்துக் கொடுத்தே தீருவது என்று கிளம்பினேன். ரேடியோ சர்வீஸ் புத்தகங்களைப் படித்து நானே கற்ற ஆங்கிலத்தில் இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் வராவிட்டால் மறுபடி எழுதினேன். ஒரு நாள் பதில் வந்தது. அந்த நிகழ்ச்சியின் நாடாக்கள் விலை அதிகமானவை என்பதால் பெரும்பாலானவை துடைக்கப்பட்டு வேறு நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தப்பட்டுவிட்டன, அந்த வாரத்து நிகழ்ச்சி இல்லை என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தை எடுத்துப்போய் சிஸ்டரிடம் காட்டினேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பரவால்லீங்க ரேடியோக்காரரே. அங்கயும் உங்களையாட்ட ஆளுங்க இருக்கறாங்க."

ஆண்டுகள் போயின. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்துச் சாதனையாளர்களைப் பற்றி ஒரு மலர் போடுவதென்று ஒரு குழு கூடியது. ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் அதற்குத் தலைவர். எஸ்தர் சிஸ்டரைப் பற்றி நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் அதை அவர் சத்தமாகப் படித்தார். கைதட்டல் முள் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"ஏனுங்க, கைதட்டறதுக்கு மீட்டரா? கரண்டு மீட்டராட்ட மாசாமாசம் வந்து கணக்கெடுப்பாங்களாக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். சிஸ்டரும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார். "ஆதாரம் இருக்குங்களா?" என்று கேட்டார் பேராசிரியர். நான் இங்கிலாந்துக் கடிதத்தை நீட்டினேன். "இது ஆதாரம் இல்லைன்னு சொல்ற கடிதமுங்க" என்றார். என் ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுத விருப்பமில்லை. நான் எழுந்து சண்டை போட்டேன். சிஸ்டர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். வெளியே வந்ததும் சொன்னார்: "எங்கப்பனப் பாத்து இப்படித்தானுங்க சிரிச்சிருப்பாங்க. இன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன்."

சென்ற ஆண்டு தை மாதம். செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரி படித்தேன். இங்கிலாந்தில் தொலைந்துபோன பழைய நிகழ்ச்சிகளின் ஒலி, வீடுகளில் மக்கள் மைக் வைத்துப் பதிந்த நாடாக்களில் கிடைத்துவருகிறது. ஒரே நாடாவில் நான்கு தடங்கள் இருப்பதால் பலர் தங்களிடம் இருப்பதை அறியாமலே இருக்கிறார்கள் என்று போட்டிருந்தது. எனக்கு உடனே எஸ்தர் சிஸ்டரின் ரீல் நினைவுக்கு வந்தது.

தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த நாடாவின் அகலம் கால் அங்குலம். அதில் ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு வரிகள் எழுதலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கரெட்டின் இயந்திரம் அப்படி நான்கு வரி எழுதும் வகை. என்னுடையது பழைய வகை, எழுத்து பெரிது, மேல் பாதியில் ஒரு வரி, நாடாவைத் திருப்பிப் போட்டால் கீழ் பாதியில் ஒரு வரி, அவ்வளவுதான். கல்யாணத்தன்று நான் துடைத்தது மேல் பாதியை மட்டும். கீழ் பாதியில் எது இருந்தாலும் அது அப்படியே இருக்கும். மேல் வரி ஓடிய அதே திசையில் பதிந்ததானால், திருப்பிப் போட்டுக் கேட்கும்போது அது பின்னிருந்து முன்னாக ஓடும். இரைச்சலாகத்தான் கேட்கும்.

இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு சோமனூர் போனேன். சிஸ்டர் முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரீலக் கொடுங்க சிஸ்டர்."

"ஏனுங்க, அழிக்கறதுக்கு இன்னும் ஏதாச்சும் மிச்சமிருக்குதான்னு பாக்க வந்தீங்களா?"

"ஆமாங்க. மிச்சமிருக்குதான்னுதான் பாக்க வந்தேன்."

என் முகத்தைப் பார்த்தவர் ஆரோக்கியத்தைக் கூப்பிட்டார். பெட்டி வந்தது. மேலே அந்த வரி அப்படியே இருந்தது. பெட்டியை ஆரோக்கியம் திறந்து, ரீலை அவரே இயந்திரத்தில் மாட்டினார். சிஸ்டரின் உத்தரவு அது, என் கையில் கொடுக்கக் கூடாதல்லவா. மறுபக்கத்தைப் போட்டு, இந்த முறை இரண்டு நொடியோடு நிறுத்தாமல் கேட்டேன். உறிஞ்சுவது போன்ற பேச்சு. பிறகு ஒரு சலசலப்பு. மெல்லத் தொடங்கி, ஏறி ஏறி, உச்சத்தில் வெட்டினாற்போல நின்றது. உலகத்தில் எந்தக் கைதட்டலும் அப்படி இருக்காது. கைதட்டல் திடீரென்று எழும், மெல்ல அடங்கும். இது தலைகீழான கைதட்டல். அது நின்ற இடத்தில் ஒரு விசில்.

சிஸ்டரின் கை முறத்தில் நின்றுவிட்டது.

"அது நானுங்க" என்றார். "பின்னாலிருந்து ஓடுது, ஆனா நாந்தானுங்க. மூச்சு இழுக்கற எடம் எனக்குத் தெரியாதுங்களா?"

ஒலியை அங்கேயே பிரதியெடுத்து, கடைக்கு வந்து அதைக் கணினியில் ஏற்றி நேராக ஓடும்படி திருப்பினேன். எழுபது வயதுக்கு மேல் நானே பழகிக்கொண்ட வேலை அது. மறுநாள் மூவரும் உட்கார்ந்து கேட்டோம். தன் பாட்டுகள் அழிந்துவிடக் கூடாதென்று மார்கரெட் அவற்றுக்குக் கீழே இருந்த வரியில் நிகழ்ச்சியைப் பதிந்திருந்தார். நான் அழித்தது மார்கரெட்டின் பாட்டுகளை. அந்த அம்மாவிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், எங்கிருக்கிறாரோ தெரியவில்லை.

நிகழ்ச்சி நடத்துகிறவர் கேட்கிறார், விசில் யார் கற்றுக்கொடுத்தது என்று. இளம் எஸ்தர் தெளிவான ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார். என் அப்பா பெயர் சின்னப்பன், சோமனூர் என்ற ஊரில் தறி ஓட்டுகிறார், முதலில் அவரைச் சாப்பிடக் கூப்பிடும் விசிலை அடிக்கிறேன் என்கிறார். அரங்கம் சிரிக்கிறது. அன்பான சிரிப்பு. விசில் தொடங்குகிறது. மூன்று ஏற்றம், ஒரு நீண்ட இறக்கம். அதைத் தொடர்ந்து ஒரு மெட்டு. பிறகு கைதட்டல், முறையாக, திடீரென்று எழுந்து. முள் கடைசிக்குப் போய்விட்டது என்று நடத்துகிறவர் கூவுகிறார்.

எங்களில் யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் அதில் இருந்தது. மைக் விடுதி அறையில் இருந்ததல்லவா. டிவியில் எஸ்தர் அப்பாவின் பெயரைச் சொன்ன அந்த நொடியில், டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எஸ்தர் தமிழில் மெல்லச் சொல்வது கேட்கிறது:

"கேட்டுச்சுங்களாப்பா?"

சிஸ்டருக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "இன்னொருக்காப் போடுங்க" என்றார். ஆறு முறை போட்டேன்.

இழுத்துக்கொண்டே போன அந்த மலரின் வெளியீட்டு விழா ஒருவழியாக மாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மைக்செட் என்னுடையது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பேராசிரியர் வரவேற்புரை முடித்து உட்காரும் வரை காத்திருந்து, "ஒரு நாலு நிமிசமுங்க" என்று மட்டும் மைக்கில் சொல்லி ஒலியை விட்டேன். குழுவில் இரண்டு பேர் என்னை நோக்கி எழுந்தார்கள். சின்னப்பன் என்ற பெயர் ஆங்கிலத்துக்கு நடுவில் ஒலித்ததும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

முன் வரிசையில் பழனியப்பன் உட்கார்ந்திருந்தார். சின்னப்பனோடு அதே குடோனில் தறி ஓட்டியவர்களில் உயிரோடிருந்த ஒருவர் அவர்தான். தொண்ணூறை நெருங்கிய வயது. தறிச் சத்தத்தில் காது முக்கால்வாசி போய்விட்டது, பேரன் விழாவுக்குக் கூட்டி வந்திருந்தான். வரவேற்புரை முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். சோற்று விசில் எழுந்தது. பழனியப்பன் தலையைத் தூக்கினார். சுற்றும் முற்றும் பார்த்தார். காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"டேய், சின்னப்பனுக்குச் சோறு வந்துருச்சு!"

ஆதாரம் கேட்டவர்களுக்கு அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? நாடாவில் ஒலித்த கைதட்டலும் மண்டபத்தில் நடந்த கைதட்டலும் ஒன்றாகக் கலந்தன. எல்லாரும் எழுந்து நின்றார்கள். பேராசிரியரும் எழுந்து நின்று தட்டினார். அதை நான் மன்னிப்பாக ஏற்கவில்லை, இன்றுவரை வாயால் அவர் கேட்கவில்லை. ஆனால் தட்டினார், அதை மறைக்கமாட்டேன். பழனியப்பன் பேரனைப் பிடித்துக்கொண்டு சிஸ்டரிடம் வந்தார். "அன்னைக்குச் சிரிச்சதுல நானும் ஒருத்தன், கண்ணு" என்றார். சிஸ்டர் அவர் காதருகே குனிந்து அந்த விசிலை அடித்தார். கிழவர் குழந்தையைப் போலச் சிரித்தார்.

கைதட்டல் அடங்கும் முன் சிஸ்டர் என் மேசைப்பக்கம் திரும்பிக் கேட்டார்: "முள்ளு எங்கீங்க நிக்குது?" மைக்கைத் திறந்தே வைத்திருந்தேன், என் ஆம்ப்ளிஃபயரின் முகப்பிலும் சத்தத்தின் அளவைக் காட்டும் ஒரு முள் உண்டு. "கடைசியிலங்க" என்றேன். இந்த முறை நாய் எதுவும் போட்டியில் இல்லை.

ஒலியின் பிரதியை இங்கிலாந்துக்கு அனுப்பினேன், என் பழைய ஆங்கிலத்திலேயே ஒரு கடிதத்தோடு. ஒரு வாரத்தில் பதில். அந்த வாரத்து நிகழ்ச்சியில் இதுவரை கிடைத்தது இது ஒன்றே என்றும், பாதுகாத்ததற்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்கள். பாதுகாத்ததற்கு என்ற வார்த்தையைப் படித்து சிஸ்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் எழுதியதைச் சேர்க்காத மலர்க்குழு, இப்போது அவரைப் பற்றித் தனித்தாள் அச்சடித்து மலரில் செருகியது. ஒட்டக்கூட இல்லை, செருகியது. மலர் வைத்திருப்பவர்கள் யாராவது என்னிடம் வந்தால் நானே ஒட்டிக் கொடுக்கிறேன்.

அடக்கத்துக்கு மைக்செட் கொண்டுபோனேன். ஜெபம் முடிந்ததும் ஆரோக்கியம் தலையசைத்தார். கல்லறைத் தோட்டத்தில் சின்னப்பனுக்குப் பக்கத்தில் அவரை இறக்கும்போது அந்த நாலு நிமிடத்தைப் போட்டேன். வேலிக்கு அப்பால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை மீறி விசில் தெளிவாகக் கேட்டது. யாரோ தட்டத் தொடங்க, கல்லறைத் தோட்டம் முழுக்கக் கைதட்டியது. அப்படி ஓர் அடக்கத்தை நான் பார்த்ததில்லை.

வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஆரோக்கியம் ரீல் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. மேலே எழுதியிருக்கிறதே.

"கீழயும் படிங்கண்ணா" என்றார்.

பழைய வரிக்குக் கீழே, நடுங்கிய எழுத்தில், புதிய மையில் இன்னொரு வரி இருந்தது: 'ரேடியோக்காரரிடம் கொடுக்கவும். எஸ்தர்.'

வாங்கிக்கொண்டேன். கடையில், நான் உட்காரும் இடத்துக்கு எதிரே வைத்திருக்கிறேன். எஸ்தர் சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை ஒரு விசில், ஓர் அப்பாவின் பெயர், இரண்டு வரிகள். மேல் வரியை அடித்துவிடலாமே என்று ஆரோக்கியம் கேட்டார். மாட்டேன் என்றேன். அவர் எழுதியது எதையும் இனி என் கை அழிக்காது.